கழிமுகத்தின் மேல் நடைபாலமும் மிதிவண்டித் தடமும்: அடையாற்றை முன்வைத்து ஒரு வழிகாட்டி

சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே ஊரூர் குப்பத்தைத் தாண்டி நடந்தால், அடையாறு கடலோடு சேரும் இடத்தில் பாதியில் முறிந்து நிற்கும் ஒரு பாலத்தைக் காணலாம். சாந்தோம் பக்கத்து மீனவர்கள் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் நடந்து செல்வதற்காக 1967இல் கட்டப்பட்ட அந்தப் பாலம், பத்தே ஆண்டுகளில், 1977இல், ஆற்றின் வேகத்தைத் தாங்காமல் இடிந்தது. கடலோர மாவட்டம் ஒன்றில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒரு பாலத் தடத்தை வடிவமைக்கப் புதிதாக வருகிறவர்கள், எந்தக் கையேட்டையும் திறப்பதற்கு முன் அந்த முறிந்த விளிம்புக்கு எதிரே அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். நான் இங்கே அடையாற்றுக்குப் புதிய திட்டம் எதையும் முன்மொழியவில்லை. வடிவமைப்பில் எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை என்பதால் அதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கடக்கிறவர்களை எண்ணுங்கள்

பெரும்பாலான புதியவர்கள் பாலத்தின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தூண்களுக்கு இடையில் ஓர் அழகான வளைவை வரைந்து முடித்த பிறகுதான், இரு கரையிலும் அந்த வளைவில் ஏறி இறங்கப் போகிறவர்கள் யார் என்று ஒருவர் கேட்டார், என்னிடம் விடை இல்லை. ஆகவே முதல் வேலை, இரு கரையிலும் விடியற்காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைகளில், வேலைநாள் ஒன்றிலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலும், யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று எண்ணுவது. மீன் கூடையைத் தலையில் சுமந்து செல்லும் பெண், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, வீட்டுவேலைக்குச் செல்பவர், காலை நடைக்கு வருபவர் ஆகிய நால்வருக்கும் பாலம் என்பது நான்கு வெவ்வேறு பொருள்கள். இவர்களில் முதல் மூவர் நாள்தோறும் அடையாற்றின் மேல் உள்ள சாலைப் பாலமான திரு.வி.க. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்களா, அவ்வாறு போவதில் எவ்வளவு நேரமும் பேருந்துக் கட்டணமும் செலவாகின்றன என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குதான் பாலம் தேவையா என்பதைச் சொல்லும். சில வேளைகளில், ஏற்கெனவே உள்ள சாலைப் பாலத்தின் ஓரத்தில் அகலமான, பாதுகாப்பான தடம் ஒன்றை அமைப்பதே போதும் என்ற முடிவுக்கும் அது கொண்டுபோய்விடும். அதை ஏற்கும் துணிவு வடிவமைப்பாளருக்கு வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே மீனவ ஊர்ப் பஞ்சாயத்தை நேரில் சந்திக்க வேண்டும். படகை எங்கே ஏற்றி வைக்கிறார்கள், வலையை எங்கே உலர்த்துகிறார்கள், கரைவலை இழுக்க எவ்வளவு இடம் வேண்டும், முகத்துவாரத்துக்குள் எந்தப் படகு வந்துபோகிறது என்பவற்றை வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். நீரோட்டத்துக்குத் தெண்டி, வன்னி எனத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மக்களிடம் கேட்காமல் கடலோரத்தில் ஒரு தூணை ஊன்றுவது அறியாமை. மேலும், கடற்கரை வழியாக வாகனச் சாலையோ உயர்மட்டச் சாலையோ வரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் குப்பங்கள் அதை எதிர்த்து வந்திருக்கின்றன. இன்று நடைபாலம் என்று சொல்லித் தொடங்குவது நாளை காருக்குத் திறக்கப்படுமோ என்ற அவர்களது ஐயம் நியாயமானது. அதற்கான விடையை வாய்ச்சொல்லாகத் தருவதைவிடப் பாலத்தின் அளவிலேயே தர முடியும். அதைப் பற்றி அகலத்தைப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஆற்றை ஓராண்டு பாருங்கள்

கழிமுகம் என்பது நிலையான நிலம் அன்று. கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்ததும் அலைகள் கொண்டுவரும் மணல் அடையாற்றின் வாயை அடைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் அந்த மணல் திட்டை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடலோர மணல், வாடைக்காற்று வீசும் மாதங்களில் திசை மாறுகிறது. மே மாதத்தில் அளந்து பார்த்தவர் நடந்தே கடக்கலாம் என்று நினைப்பார். அதே இடத்தை 2015 டிசம்பரில் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார். ஆகவே ஆற்றுப்படுகையின் ஆழ அளவையை மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுக்க வேண்டும். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, முகத்துவாரம் எந்த எல்லைக்குள் அலைகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். தூண் நிற்கும் இடம் இன்று கரையில் இருந்தாலும், அந்த அலைவுக்குள் விழுந்தால் அது ஆற்றுத்தூண் என்றே கருதி வடிவமைக்க வேண்டும்.

பாலங்களை வெள்ளம் கொண்டுபோகும்போது, பெரும்பாலும் அது மேலே உள்ள தளத்தைத் தள்ளுவதில்லை, கீழே உள்ள மண்ணை அரித்துவிடுகிறது. இந்தியப் பாலப் பொறியியலில் இந்த அரிப்பின் ஆழத்தைக் கணிக்க இன்னும் புழங்கும் லேசி சூத்திரத்தைப் புதியவர் ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்தில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடுகிறதோ அதன் வர்க்கத்தை மண்ணின் தன்மைக்குரிய எண்ணால் வகுத்து, கனமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் சராசரி அரிப்பு ஆழம் கிடைக்கும். கணக்குக்காக நீரளவு 10, மண் எண் 1 என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 6.2 மீட்டர், தூணின் அருகில் அதன் இரு மடங்கு, அதாவது 12.4 மீட்டர். இந்த ஆழம் வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, ஆற்றுப்படுகையிலிருந்து அன்று என்பதையும், மணல் நுண்ணியதாக இருந்தால் ஆழம் இன்னும் கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நடைபாலம் இலேசானதுதானே என்று எண்ணி அடித்தளத்தை மேலோட்டமாக நிறுத்திவிடும் தவறு இங்கேதான் நிகழ்கிறது. மேலே நடப்பவர் மனிதரா லாரியா என்று பார்த்து ஆறு அரிப்பதில்லை. ஆழ்துளை போட்டு மண்ணை ஆராய்ந்து, துளையிட்டு வார்க்கும் பைல்களை (நிலத்துக்குள் இறங்கும் கான்கிரீட் கம்பங்களை) அரிப்பு ஆழத்துக்கும் கீழே, எஞ்சிய மண்ணின் பிடிமானமே பாரத்தையும் காற்றையும் தாங்கும் அளவுக்கு இறக்க வேண்டும்.

மூன்றாம் படி: கடலோர ஒழுங்குமுறை

2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை முதலில் முழுமையாகப் படித்துவிடுங்கள். அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் மணல்வெளி, சேற்றுத்திட்டு போன்றவை அது பிரிக்கும் மண்டலங்களில் முதல் வகையின் மிகக் கடுமையான பிரிவிலும், ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறி இறங்கும் பகுதி அதே வகையின் அடுத்த பிரிவிலும், ஆற்றின் ஓத நீர்ப்பரப்பு நான்காம் வகையிலும் வருகின்றன. முதல் வகையையும் நான்காம் வகையையும் தொடும் திட்டங்கள் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையோடு ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் செல்கின்றன. முகத்துவாரத்தில் கட்டும் எந்தப் பாலமும் இவ்விரண்டையும் தொடாமல் இருக்க முடியாது. அலையாத்தி பாதிக்கப்பட்டால் அதைப்போல் மும்மடங்குப் பரப்பில் நட வேண்டும். இவற்றை வடிவமைப்பு முடிந்த பிறகு வாங்கும் அனுமதிகளாக நினைக்காமல், தடத்தின் கோட்டை வரையும்போதே கையில் வைத்திருக்கும் அளவுகோலாகக் கொண்டால் வேலை குறையும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும், நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்ற விவரமும் இதே கட்டத்தில் கிடைத்துவிட வேண்டும்.

நான்காம் படி: அகலமும் சரிவும்

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் பயன்படுத்துபவர் நாள்தோறும் உணர்வது இவை இரண்டையும்தான்.

அகலத்தைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். எதிரெதிரே வரும் இருவர், ஒருவர் தலையில் கூடையுடன், உரசாமல் கடக்க நடைத்தடத்துக்கு 2 மீட்டர் வேண்டும். இருவழி மிதிவண்டித் தடத்துக்கு 3 மீட்டர் வேண்டும். கைப்பிடியை ஒட்டி யாரும் ஓட்டுவதில்லை என்பதால் அந்த ஓரத்தில் அரை மீட்டர் வீணாகத்தான் போகும். அதையும் சேர்த்தால் 5.5 மீட்டர். 2023 மே மாதம் திறக்கப்பட்ட தியாகராய நகர் ஆகாய நடைமேம்பாலம் 570 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் கொண்டது. அது நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. அதே அளவில் மிதிவண்டியையும் சேர்த்துவிட்டால், இரு தரப்பினரும் சண்டையிட்டுக்கொள்ளும் பாலம்தான் கிடைக்கும். சென்னையில் வடிவமைப்பதாக இருந்தால் மீன்பாடி வண்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும். மீனும் ஐஸும் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தால் எதிரே வரும் மிதிவண்டி எங்கே ஒதுங்கும் என்று வரைந்து பாருங்கள்.

மீனவர்களின் ஐயத்துக்கான விடையும் இந்த அகலத்திலேயே இருக்கிறது. இரு பயன்பாட்டுக்கும் நடுவே தளத்தை 10 செ.மீ. உயர்த்தியும், நுழைவாயிலில் 1.5 மீட்டர் இடைவெளியில் நிலைத்த கம்பங்களை நட்டும் கார் வர முடியாதபடி செய்யலாம். மோட்டார் சைக்கிளின் நிலை வேறு. மோட்டார் சைக்கிளைத் தடுக்கும் வளைவுத் தடுப்பு எதுவும் சக்கர நாற்காலியையும் மீன்பாடி வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. இதற்குக் கம்பியால் விடை இல்லை என்பதே என் முடிவு; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பைக்குக்கு அஞ்சிச் சக்கர நாற்காலியை வெளியே நிறுத்தும் வடிவமைப்பை நியாயப்படுத்தவே முடியாது. நுழைவிடத்தைக் கடைகளும் மக்களும் இருக்கும் பக்கமாகத் திருப்புவது, தடத்தைச் சற்றே வளைத்து வேகத்தைக் குறைப்பது, காவலரோ ஊர்க்காரரோ பார்க்கும்படி வைப்பது ஆகியவற்றால்தான் அதைக் கட்டுப்படுத்த முடியும்.

அடுத்தது சரிவு. சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 என்பது விதிகள் அனுமதிக்கும் எல்லை. அது வசதியான அளவு அன்று. மிதிவண்டிக்கு, குறிப்பாகப் பின்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு கியர் இல்லாத வண்டியை மிதிப்பவருக்கு, 25க்கு 1 என்பதே மனிதத்தன்மையுள்ள சரிவு. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெள்ள மட்டம் 3 மீட்டர், அதன் மேல் படகும் வெள்ளத்தில் மிதந்துவரும் ஆகாயத்தாமரையும் மரமும் போக 2.5 மீட்டர், தளத்தின் பருமன் 1 மீட்டர் என்றால் நடைதளம் 6.5 மீட்டரில் நிற்கும். கரை 2.5 மீட்டரில் இருந்தால் ஏற வேண்டியது 4 மீட்டர். 25க்கு 1 என்ற சரிவில் ஒவ்வொரு கரையிலும் 100 மீட்டர் சாய்தளம் வேண்டும். அந்த 100 மீட்டர் யாருடைய வலை உலரும் மணல், யாருடைய வீட்டு வாசல் என்பதில்தான் பல திட்டங்கள் சிக்குகின்றன. அதனால்தான் பாலத்தின் நடுப்பகுதியை வரைவதற்கு முன் இரு முனைகளையும் வரையுங்கள் என்று சொல்கிறேன். தளத்தின் பருமனை 1 மீட்டரிலிருந்து 60 செ.மீ.க்குக் குறைத்தால் ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டர் சாய்தளம் மிச்சமாகும் என்பது, எந்த வகைப் பாலம் என்ற முடிவையே மாற்றக்கூடிய செய்தி. படிக்கட்டும் லிப்டும் வைத்துச் சாய்தளத்தைத் தவிர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உப்புக்காற்றில் லிப்ட் எத்தனை நாள் ஓடும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கண்ணும் தளமும்

இப்போதுதான் பாலத்தின் வகைக்கு வருகிறோம். தளம் மெலிந்திருக்க வேண்டும், ஆற்றில் தூண்கள் குறைவாக இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் சேர்ந்து, பாரத்தைத் தளத்துக்கு மேலே உள்ள வளைவு தாங்கும் வகையை நோக்கி நம்மைத் தள்ளுகின்றன. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீள, 10 மீட்டர் அகலக் கண்ணாடித் தளப் பாலம் இந்த வகையைச் சேர்ந்தது. தூண் ஊன்ற முடியாத கடல்நீரை அது ஒரே கண்ணில் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட ஒரே பகுதியில்) கடக்கிறது. ஆனால் பாறை இல்லாத, மணலும் களியும் கலந்த கழிமுகத்தில் 30 அல்லது 40 மீட்டர் கண்களாகப் பிரித்துக்கொள்வதே பெரும்பாலும் சிக்கனமானது.

பாரத்தைப் பொறுத்தவரை, திருவிழாக் கூட்டத்தையே அளவாகக் கொள்ளுங்கள். நெரிசல் வரக்கூடிய இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி சொல்கிறது. 5 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கண்ணில் அது 75 டன். மாசிமகத்தன்று கடற்கரையில் நின்றவர்களுக்கு இந்த எண் மிகையாகத் தோன்றாது. காற்றுக்கு, சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கூரை போட்டால் அந்தக் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். எனவே பாலத்தின் மேல் கூரை வேண்டாம் என்பது என் கருத்து. நிழலைச் சாய்தளங்களின் ஓரத்தில் புன்னையும் பூவரசும் தரட்டும்.

அதிர்வைத் தனியே பார்க்க வேண்டும். மனிதர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். பக்கவாட்டில் அதில் பாதி வேகத்தில் உடல் ஆடுகிறது. பாலத்தின் இயல்பான அதிர்வெண் இவற்றுக்கு அருகில் வந்தால் பாலம் நடப்பவரோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். 2000 ஜூனில் லண்டனில் திறந்த மில்லேனியம் நடைபாலம் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்திய பின் 2002இல்தான் மீண்டும் திறந்தது. அந்தப் பாலம் வலுவில் குறைந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். மேல்கீழ் அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்கும் (விநாடிக்கு 5 அதிர்வு) பக்கவாட்டு அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸுக்கும் குறைந்தால் விரிவான ஆய்வு வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. இங்கும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

கைப்பிடி நடப்பவருக்கு 1.1 மீட்டர் போதும். மிதிவண்டி ஓட்டுபவரின் உடல் அதற்கு மேல் இருப்பதால் அந்தப் பக்கம் 1.4 மீட்டர் வேண்டும். குழந்தை ஏற முடியாதபடி கம்பிகள் நிமிர்ந்து நிற்கட்டும். தளம் வெப்பத்தில் விரிய இடம்விடும் விரிவு இணைப்புகள் பயணத் திசைக்குக் குறுக்கே அமைய வேண்டும், இல்லையென்றால் சக்கரம் உள்ளே இறங்கும். மீன் நீர் சிந்திய இரும்புத் தகட்டில் சக்கரம் வழுக்கும் என்பதால் இணைப்பின் மேல் சொரசொரப்பான பூச்சு கட்டாயம் வேண்டும்.

ஆறாம் படி: உப்பு

கடலோரத்தில் பாலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பிலுள்ள குளோரைடு மெல்ல உள்ளே சென்று கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்து வெடித்துப் பெயர்கிறது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியைவிட, ஓதம் ஏறி இறங்கும் பகுதியிலும் அலை தெறிக்கும் பகுதியிலும் இது வேகமாக நடக்கிறது, ஏனெனில் அங்கே உப்பும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கின்றன. ஆகவே கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 ஓத மண்டலத்தை மிகக் கடுமையான சூழல் வகையில் வைத்து, குறைந்தது எம்40 வலுத்தரக் கான்கிரீட், 0.40க்கு மிகாத நீர்-சிமென்ட் விகிதம், 75 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) என்று கேட்கிறது. பாலங்களுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதியான ஐ.ஆர்.சி. 112ஐயும் சேர்த்துப் பார்த்து, எது கடுமையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட் இங்கே சாதாரண சிமென்ட்டைவிட நன்றாக உழைக்கும்.

வரைபடத்தில் 75 மி.மீ. என்று எழுதுவது எளிது. கம்பி கட்டும் இடத்தில் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் (சிறு கட்டை) நழுவி 40 மி.மீ. ஆகிவிடுவதைத் தடுப்பதுதான் கடினம். வார்ப்பதற்கு முன் அளவுகோலோடு நீங்களே இறங்கிப் பாருங்கள். கலவைக்கும், வார்த்த கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும் பக்கத்திலேயே கிடைக்கிறது என்பதற்காகக் கழிமுகக் கிணற்று நீரை எடுக்க விடாதீர்கள். கம்பியிட்ட கான்கிரீட்டுக்குரிய நீரில் லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. சிறிய பாலத்தில் எல்லாக் கம்பிகளையும் அப்படி வாங்க முடியாவிட்டாலும், அலை தெறிக்கும் உயரத்தில் உள்ள தூண் பகுதிக்கு மட்டுமாவது வாங்கலாம். உருக்குப் பாகங்களில் நீர் தேங்கும் மூலை எதுவும் இருக்கக் கூடாது. குழாய்களின் வாயை முழுதாக அடைத்து வெல்டு செய்யுங்கள். துருப்பிடிக்காத போல்ட்டைச் சாதாரண எஃகுத் தகட்டில் நேரடியாக முடுக்கினால் தகடுதான் முதலில் அரிந்து போகும்; இடையில் பிரிக்கும் வாஷர் வையுங்கள்.

ஏழாம் படி: விளக்கும் காலமும்

சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரி முதல் முட்டையிட வருகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அதை நோக்கி ஊர்கின்றன. பாலத்தில் உயரமான வெள்ளை விளக்கு ஒன்று வைத்தால் அவை நகரை நோக்கிப் போய் மடியும். எனவே கைப்பிடிக்குள் பதித்த, தளத்தை மட்டும் ஒளியூட்டும், கடல் பக்கம் மறைக்கப்பட்ட செம்மஞ்சள் நிற விளக்குகள் வேண்டும். இரவில் தனியாக நடக்கும் பெண்ணுக்குத் தளம் தெளிவாகத் தெரிய வேண்டும், மணலில் ஒளி விழக் கூடாது. இரண்டும் ஒன்றாகச் சாத்தியம்தான், ஆனால் அலங்கார விளக்குக்கு அங்கே இடமில்லை.

இதே காரணத்தால் கட்டும் காலமும் சுருங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றில் இறங்க முடியாது. ஜனவரி முதல் மே வரை மணல்வெளியில் இயந்திரம் ஓட்டக் கூடாது. கரையோர வேலைக்கு எஞ்சுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே. ஆகவே தளத்தின் பாகங்களை வேறிடத்தில் முன்கூட்டியே வார்த்து வைத்து, அந்த நான்கு மாதங்களில் கொண்டுவந்து ஏற்றும்படி வடிவமைக்க வேண்டும். ஒப்பந்தத்தின் காலக்கெடுவை இந்த நாட்காட்டியைப் பார்த்தே எழுதுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைத்த பிறகு

2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் மச்சு ஆற்றின் மேலிருந்த தொங்கு நடைபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். பழுதுபார்த்து மீண்டும் திறந்து சில நாள்களே ஆன பாலம் அது. முதன்மை வடம் ஒன்றில் 49 இழைகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்ததாக விசாரணைக் குழு கண்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு இருக்கும் என்பதை அறிந்து, அந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வழி அமைப்பதும் வடிவமைப்பாளரின் கடமை. தளம் தூணின் மேல் அமரும் பேரிங்குகளுக்கு அருகே ஓர் ஆள் நுழையும் இடைவெளியும், தூணைச் சுற்றி ஏணி மாட்ட வளையங்களும், வளைவிலிருந்து தொங்கும் கம்பிகளைப் பாலத்தை மூடாமல் ஒவ்வொன்றாக மாற்றும் ஏற்பாடும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறலாம் என்பதை இரு முனையிலும் தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பராமரிப்புக் கையேட்டில் நான் முதலில் எழுதும் வரி எப்போதும் ஒன்றுதான். ஒவ்வொரு ஜனவரியிலும், மழை ஓய்ந்து ஆறு தெளிந்ததும், படகில் சென்று ஒவ்வொரு தூணையும் சுற்றி நான்கு புறமும் ஆழம் அளந்து, அந்த எண்களைச் சென்ற ஆண்டின் எண்களுக்கு அருகிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு தூணின் அருகே ஒரே ஆண்டில் ஒரு மீட்டருக்கு மேல் மண் போயிருந்தால், அடுத்த மழைக்கு முன் கற்களை இட்டு நிரப்பி, அதுவரை அந்தப் பாலத்தில் கூட்டம் சேரும் நிகழ்ச்சி எதையும் அனுமதிக்கக் கூடாது.